வேரை முதலில் விட்ட மொச்சை

அந்தக் காலத்தில் விதைகளுக்கு மேலே எது, கீழே எது என்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நட்டு வைக்கிற மனுஷர்கள்தான் பார்த்து, பக்குவமாக, முகம் மேலே இருக்கும்படி குழியில் வைப்பார்கள். உள்ளே போன விதை முதல் வேலையாக இலையை நீட்டும். வெயிலைப் பார்க்க அதற்கு அத்தனை அவசரம். வேரெல்லாம் பிறகு, சாவகாசமாக வரும். மண் பேசும், விதை பேசும், எறும்பு வாய் ஓயாமல் பேசும் காலம் அது. வேலையை விடப் பேச்சுதான் அதிகம் நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மலையடிவாரத்துக் கரட்டுக் காட்டில் ஒரு குடிசை இருந்தது. அதில் இருளாயி என்றொருத்தியும் அவள் மகள் குருவம்மாவும் இருந்தார்கள். வீட்டு ஆம்பளை, தண்ணீர் உள்ள சீமைக்குக் கூலிக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. குருவம்மாவுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற வயசு.

அந்தப் பிள்ளையின் கை சும்மாவே இருக்காது. உறை ஊற்றிய பாலை மூடி வைத்தால், தயிராகிவிட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பாள். அப்புறம் தயிர் எங்கே உறையும்? அடைகாக்கிற கோழியைத் தள்ளிவிட்டு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்பாள். கோழி கொத்தும், இவள் அழுவாள், மறுநாளும் போய் எடுப்பாள். நாளைக்கு விரியப் போகிற பூசணி மொட்டை இன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடுவாள். ஊரில் எல்லோரும் அதைக் குறும்பு என்றுதான் சொன்னார்கள். நான் சொல்லமாட்டேன். மூடி வைத்தது எதையும் அந்தப் பிள்ளையால் நம்ப முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தின வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. விதைக்கு வைத்திருந்ததைக்கூட ஊரே வறுத்துத் தின்றது. இருளாயி மட்டும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, கொஞ்சம் மொச்சையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைத்திருந்தாள். கலயத்தில் விரிசல் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. எலிக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் சாரல் அடித்து, ஆசையாய்க் கலயத்தைக் கவிழ்த்தபோது, ஒரே ஒரு மொச்சை உருண்டு விழுந்தது. எலி அதைப் பாவம் பார்த்து விட்டுவைக்கவில்லை, வயிறு நிறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒரு விதை முளைத்துக் கொடியாகி வேலியில் படர்ந்தால், காய் பிடிக்கும், அடுத்த வருஷத்துக்கு விதை கிடைக்கும். முளைக்காவிட்டால் குடிசையை விட்டுவிட்டு எங்கேயோ பிச்சைக்குத்தான் போக வேண்டும். இருளாயி இதைப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொன்னாள். தானே குழி பறித்து, முகம் மேலே இருக்கும்படி மொச்சையை வைத்து மூடினாள். பகல் முழுக்க அவள் மலைமேல் போய்க் காட்டுக்கிழங்கு தோண்டினால்தான் இரண்டு பேருக்கும் கஞ்சி. அதனால் காவல் குருவம்மாவுக்கு. கோழியை அண்டவிடாதே, தண்ணீர் தெளி, மற்றபடி கையே வைக்காதே, நாலு நாளில் தானாக மேலே வரும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆத்தாவின் தலை மறைந்ததுதான் தாமதம், குருவம்மா குழியைத் தோண்டினாள்.

மொச்சை அங்கேயேதான் இருந்தது, தண்ணீர் குடித்துக் கொஞ்சம் பருத்திருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். திரும்ப உள்ளே போட்டு மூடினாள். முகம் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை, அவளுக்கு அதெல்லாம் தெரியாது. உள்ளே மொச்சைக்கு என்ன ஆனது என்றால், இலையை நீட்டலாம் என்று முகத்தைத் திருப்பி வைத்திருந்தது, இப்போது அந்த முகம் கீழே போய்விட்டது. இருட்டில் தட்டுத் தடுமாறி மறுபடி ஒரு பக்கம் திரும்பியது. மறுநாள் குருவம்மா மறுபடி தோண்டினாள், மறுபடி பார்த்தாள், இந்தத் தடவை சாய்வாகப் போட்டு மூடினாள். அது மறுபடி திரும்பியது. தோலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, வெளியே ஒரு நூல் நீளவில்லை. ஒவ்வொரு விதைக்கும் அதன் தாய்க்கொடி இரண்டு பருப்பில் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்துத்தான் அனுப்பும். வேர் விட்டு, இலை விட்டு, சொந்தக் காலில் நிற்கிற வரைக்கும் அதுதான் சாப்பாடு. அந்தக் கட்டுச்சோறு சுற்றலிலேயே கரைந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த தடவை அவள் தோண்டி எடுத்தபோது மொச்சை பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தது.

"ஏ பிள்ளே, எனக்குத் தலை சுத்துது. என்னய ஏன் இந்தப் பாடு படுத்துற?"

நீ இருக்கிறாயா என்று பார்த்தேன் என்றாள் குருவம்மா. நான் எங்கே போகப் போகிறேன், எனக்கென்ன காலா இருக்கிறது என்று மொச்சை கோபப்பட்டது. கோபம் அடங்கினதும் உள்ள நிலவரத்தைச் சொன்னது. கட்டுச்சோறு தீரப் போகிறது, இன்னும் ஒரே ஒரு தடவை தோண்டிப் புரட்டினால் நான் செத்துப் போவது நிச்சயம், இனிமேல் தயவுசெய்து தொடாதே என்றது.

குருவம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே, தொடாமல் இருக்க என்னால் முடியாது என்றாள். ஏன் முடியாது என்று மொச்சை கேட்டது.

"போன கோடையில என் தம்பியயும் ஆத்தா மண்ணுலதான் வச்சா. தூங்குறான்னு சொன்னா. நான் தெனமும் போயி உக்காந்து பாத்தேன், அவன் வரவே இல்ல. உன்னயும் அதே மாதிரிதான் வச்சா. நீ மட்டும் வருவேன்னு நான் எப்படி நம்புறது?"

மொச்சைக்கு அதுவரை இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. அப்போது மண் பேசியது. மண் எப்போதாவதுதான் பேசும்.

"உயிரோட எங்கிட்ட வர்றத நான் மேல அனுப்பி வைப்பேன் தாயி. உயிர் போயி வர்றத அனுப்ப எனக்குச் சக்தி கிடையாது. பத்திரமா வச்சுக்கத்தான் முடியும். உன் தம்பிய நல்லாத்தான் வச்சிருக்கேன்."

குருவம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அந்தப் பதில் புரிந்ததா என்று கேட்காதீர்கள், புரிந்தது. தூங்குகிறான் என்ற வார்த்தையைவிட அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அதோடு விடவில்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று மூடி வைத்த பிறகு மேலே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி.

மொச்சைதான் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. "என்னய மூடவே வேண்டாம்" என்றது. "எனக்கு வேண்டியது ஈரம், இருட்டு இல்ல. ஒரு துணிய நனைச்சு அதுக்குள்ள என்னய வையி. எப்பெப்பத் தோணுதோ அப்பெல்லாம் பிரிச்சுப் பாத்துக்க. உன் கண்ணு முன்னாடியே பொறந்து காட்டுறேன்."

விதை வம்சத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டதில்லை. எல்லா விதையும் இருட்டுக்குள் ஒளிந்து பிறந்ததுதான். அதுவுமில்லாமல் மொச்சைக்கு வேறொரு கஷ்டமும் இருந்தது. மிச்சமிருந்த கட்டுச்சோற்றில் ஒன்றே ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும். இலையை விட்டால் வெயிலைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் உறிஞ்ச வேர் இல்லாமல் காய்ந்துவிடும். வேரை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் பிறந்ததும் வெயிலைப் பார்க்கிற ஆசையை விட்டுவிட வேண்டும். வேர் போக வேண்டிய திசையும் அதற்குத் தெரியாது. வேரையே விடுவது என்று முடிவு செய்து, அதை மண்ணிடம் கேட்டது. நீ எங்கே இருந்தாலும் எப்படிக் கிடந்தாலும் நான் உன்னை என் பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருப்பேன், அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு வா, வேர்தான் உனக்குக் கால், அந்தக் காலை முதலில் எனக்குக் கொடு என்றது மண்.

குருவம்மா தன் கந்தல் பாவாடையின் ஓரத்தைக் கிழித்து, நனைத்து, மொச்சையைச் சுற்றிக் குடிசைக்குப் பின்னால் நிழலில் வைத்தாள். வெறும் குழியை ஒன்றும் தெரியாதது போல மூடிவிட்டாள். கரட்டுக் காட்டுக் காற்றில் துணி பொசுக்கென்று காய்ந்துவிடும். வீட்டில் இருந்ததோ கொஞ்சம் தண்ணீர். அவள் தனக்கென்று வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியைத் துணிக்கு ஊற்றினாள். உதடு வெடித்துவிட்டது. நொடிக்கொரு தரம் பிரித்துப் பார்த்தாள். மொச்சையும் சலித்துக்கொள்ளவில்லை. தோல் சுருங்கியது, அப்புறம் விறைத்தது, ஒரு காலையில் தாய்க்காயில் ஒட்டியிருந்த வெள்ளைத் தழும்பின் ஓரமாக மெல்லக் கீறல் விட்டது. ஒவ்வொன்றையும் அவள் பார்த்தாள்.

இருளாயிக்கு ஒன்றும் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வந்ததும், அசதியோடு அசதியாக, அந்த வெறும் குழிக்கு ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் குருவம்மா சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், பயம் வந்து மூடிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் கோழி அந்த இடத்தைக் கிளறிப் போட்டிருந்தது. இருளாயி கிழங்குக் கூடையை இறக்கிவிட்டுப் பதறி ஓடி, கையால் மண்ணைத் துழாவினாள். எவ்வளவு துழாவியும் மொச்சை இல்லை. பிள்ளையை அடிப்பாள், திட்டுவாள் என்றுதானே நினைப்பீர்கள்? அவள் ஒன்றும் செய்யவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவும் போச்சா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடித்திருந்தால்கூடக் குருவம்மாவுக்கு இத்தனை பயமாக இருந்திருக்காது.

குருவம்மா குடிசைக்குப் பின்னால் ஓடி ஈரத்துணியை எடுத்து வந்து ஆத்தாவின் மடியில் வைத்துப் பிரித்தாள். மொச்சையின் ஓரத்தில் வெள்ளையாக, குருணை அரிசி நீளத்துக்கு, என்னவோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இலையில்லாமல் வேர் மட்டும் முதலில் வந்ததை அதுவரை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. புழு பிடித்துவிட்டதா என்று இருளாயி கேட்டாள்.

"புழு இல்ல தாயி" என்றது மொச்சை, "அது என் காலு."

இருளாயி துணியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வெடித்த உதட்டைப் பார்த்ததும் தண்ணீர் எங்கே போனது என்று விளங்கிவிட்டது. குருவம்மா தோண்டியது, புரட்டியது, துணியில் வைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில் குரல் இறங்கிப் போயிற்று.

"இது உயிரோட இருக்கு ஆத்தா. நான் என் கண்ணால பாத்தேன். தம்பி வர மாட்டான். மண்ணு சொல்லிருச்சு."

பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட இருளாயி அழவில்லை. அழுதால் குருவம்மா பயந்துபோவாள் என்று அடக்கிக்கொண்டு, தூங்குகிறான் என்று சொல்லிச் சமாளித்தவள். அன்றைக்கு மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, ஊர் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள். ஆமாடி, வர மாட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளோடு சேர்ந்து குருவம்மாவும் அழுதாள். அந்தக் குடிசைக்கு ரொம்ப நாளாக வர வேண்டியிருந்த அழுகை அது.

அழுது முடித்து இருளாயி மறுபடி குழி பறித்தாள். அவசரத்தில் மொச்சையை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாக வைத்துவிட்டாள். குருவம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கக் கையை நீட்டினாள். மொச்சை வேண்டாம் என்றது. இனிமேல் எப்படி வைத்தாலும் எனக்கு வழி தெரியும் என்றது. சொன்னபடியே மண்ணின் இழுப்பைப் பிடித்துக்கொண்டு வேர் தானாக வளைந்து கீழே இறங்கியது. குருவம்மா அதற்கப்புறம் அந்தக் குழியைத் தோண்டவே இல்லை. ஒருநாள் காலையில் மண்ணைப் பிளந்து, கழுத்தை வளைத்துக்கொண்டு, முளை வெளியே வந்தது.

கொடி வேலியெல்லாம் படர்ந்து காய்த்தது. ஊருக்கே விதை கொடுத்தாள் இருளாயி. அந்த விதைகள் எல்லாம் இந்த வழியைத் தாய்க்கொடியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவை. மற்ற விதைகளும் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

அன்றைக்குத் தொடங்கியதுதான், எந்த விதையாக இருந்தாலும் நேராகப் போட்டாலும் கவிழ்த்துப் போட்டாலும் மண்ணுக்கு முதலில் காலைக் கொடுத்துவிட்டுத்தான் வெயிலுக்கு முகத்தைக் காட்டுகிறது. நம்பிக்கை வராவிட்டால் ஒரு கண்ணாடி டம்ளரில் நனைத்த பஞ்சை அடைத்து, ஓரமாக இரண்டு மொச்சையை ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் வைத்து ஜன்னலோரம் வையுங்கள், ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை ஓடி ஓடிப் போய்ப் பார்க்கும். பார்க்கட்டும், தடுக்காதீர்கள். உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிற பிள்ளைக்கு, மொச்சை இன்றைக்கும் கண் முன்னாலேயே பிறந்து பதில் சொல்கிறது.