மடைமுனி மீது வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். எந்த நாட்டைச் சொன்னாலும் பொருந்தும். வயிறு நிறையச் சாப்பிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு, வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் ராஜாக்களுக்கு விபரீத ஆசைகள் வரும். அந்த ஆசைகளைத் தலையில் சுமப்பதற்கென்றே அரண்மனையில் அம்பலக்கூத்தன் என்றொரு விகடகவி இருந்தார். சுமந்து சுமந்து அலுத்துப்போன மனிதர். "எனக்கு ஓய்வு கொடுங்கள், மகாராஜா" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ராஜா அதையும் விகடம் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்தக் கோடையில் ஏரி மடையைக் காத்துவந்த மருதையன் மடையருகே குப்புறச் செத்துக்கிடந்தான். முதுகில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்திருந்தது. மடைக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில், கையில் அரிவாளும் உருட்டிய விழியுமாக மடைமுனியின் சுதைச் சிலை நிற்கிறது. உச்சிவேளையில் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். ஆகவே, முனி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

முனி ஏன் அடித்தது என்பதற்குக் காரணமும் கிடைத்தது. சொன்னவர் சின்ன மந்திரி கச்சிராயர். மருதையனின் மனைவி சிலம்பாயி தீட்டோடு உச்சிவேளையில் முனியின் பாதையைத் தாண்டிப் புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோனாளாம். கைக்குழந்தையோடு அவளை நாட்டு எல்லைக்கு அப்பால் துரத்தினால்தான் முனி சாந்தமாகுமாம். சபை மொத்தமும் தலையாட்டியது.

"கொலை என்றால் விசாரணை உண்டே, மகாராஜா?" என்றார் கூத்தன். கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

ராஜா கூத்தனிடம் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் தன் பங்கிலிருந்து போவதாகக் கச்சிராயருக்கு வெகுநாளாக எரிச்சல். "முனியே சபைக்கு வந்து சாட்சி சொன்னால்தான் விகடகவியார் நம்புவாரோ?" என்று கேட்டார்.

ராஜா தொடையில் தட்டினார். "பேஷ்! கூத்தா, நாளை உச்சிக்குள் முனியை இங்கே அழைத்து வா. தவறினால் அந்தப் பெண்ணோடு நீயும் எல்லையைக் கடந்துவிடு."

தன்னைத் துரத்தினால் கூத்தனுக்கு வருத்தமில்லை. எல்லைக்கு அப்பால் போய்த் தூங்கலாம். ஆனால் பால்குடி மறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போவாள்? அலுத்துக்கொண்டே மடைக்கு நடந்தார்.

சிலம்பாயி குடிசை வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"கிளம்பவே கிளம்பிவிட்டாயா, அம்மா?"

"நாளைக்கு அடிச்சுத் தொரத்துறதுக்கு நாமளே போயிடலாம்னுதான் சாமி. புள்ளை முன்னால அடி வாங்க வேணாம்னு பாக்குறேன்."

"முதுகில் இருந்த அடையாளத்தை நீ பார்த்தாயா?"

"பாக்காம? நாந்தானே குளிப்பாட்டுனேன். அந்த அஞ்சு விரலும் எண்ணெய்க் கரியாட்டம் தண்ணியோட போயிடுச்சு. பின்னந்தலையில முடிக்குள்ள ஒரு பள்ளம். அது போகல. யாரு கேட்டா, சொல்ல?"

"மருதையனுக்கு யாரோடாவது தகராறு உண்டா?"

அவள் இருபுறமும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சின்ன மந்திரியோட வயலுக்கு மட்டும் திருட்டுத்தனமா மடை திறந்துவிடச் சொன்னாங்க. கடைமடைக்காரன் வயிறு காயும், முடியாதுன்னுட்டாரு. அதுக்கப்பறம்தான் முனிக்குக் கோவம் வந்துச்சு."

மந்திரியின் சொல்லுக்கும் மடைக்காரன் பெண்டாட்டியின் சொல்லுக்கும் சபையில் எது எடை கூடுதல் என்று கூத்தனுக்குத் தெரியும். அவளையும் அழைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனார். முனியின் இடுப்பில் புத்தம் புதுப் பட்டு. கழுத்தில் எலுமிச்சை மாலை.

"இது யார் சாத்தியது?"

"தெரியல சாமி. அவரைப் பொதைச்சுட்டு வந்து பாக்குறேன், இருக்கு. இந்த ஊருல பட்டுக்கு யாரு போவா?"

கூத்தன் முனியின் முகத்தைப் பார்த்தார். "உன்னிடமாவது ஒருவனுக்குப் பயம் இருக்கிறதே. அது போதும்" என்றார்.

மறுநாள் சபை கூடியது.

"எங்கே கூத்தா, முனி?"

"வர மறுத்துவிட்டது, மகாராஜா. காவலில் நிற்பவன் இடத்தை விட்டு நகர்ந்தால் தலை போகும் என்பது தங்கள் ஆணை. முனியும் காவலில்தானே நிற்கிறது? தாங்கள்தான் சபையை அங்கே அழைத்து வரவேண்டும்."

முனிகூடத் தன் ஆணைக்கு அடங்குகிறது என்றதில் ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே புறப்பட்டார். வேறு வழியில்லாமல் சபையும் வேகாத வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நடந்தது. சிலம்பாயி குழந்தையும் மூட்டையுமாக ஓரத்தில் நின்றாள்.

"விசாரணையைத் தொடங்கலாம்" என்றார் கூத்தன். "முதுகில் பதிந்திருந்தது வலக்கை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முனியின் வலக்கையிலோ அரிவாள் இருக்கிறது. எப்படி அறைந்தது?"

"அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அறைந்திருக்கும்" என்றார் கச்சிராயர்.

"காவல் நேரத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்ததா! மகாராஜா, முதலில் இந்த முனியை வேலையிலிருந்து நீக்குங்கள்."

ராஜா கடகடவென்று சிரித்தார். சிரித்தபடியே அண்ணாந்தவர், முனியின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கூத்தன் முனியின் காலடியில் கற்பூரம் ஏற்றினார். "முனிதான் கொன்றது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சரி, குற்றம் சாட்டுகிறவர்கள் அதன் முகத்துக்கு நேரே சொல்லட்டும். 'நானறிய மருதையனை அடித்தது நீதான்' என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யுங்கள். புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். நேற்றுச் சபையில் சொன்னதுதான்."

சேனாபதி முன்னே வந்தார். அவர் அறிந்தது அவ்வளவுதான். ஆகவே தயங்கவில்லை. சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். கூத்தன் மறுபடி ஏற்ற, புரோகிதரும் அப்படியே அணைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அணைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

கடைசியாகக் கச்சிராயர் வந்தார். கை கற்பூரத்துக்கு மேலே போய் நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கற்பூரம் எரிந்து தீர்ந்தது.

"பரவாயில்லை" என்று கூத்தன் இன்னொரு கட்டியை ஏற்றினார். "அவசரமில்லை. என்னிடம் நிறைய இருக்கிறது."

கை மறுபடியும் போனது, மறுபடியும் நின்றது. ராஜாவுக்கு முன்னால் தண்ணீராய் ஓடிய சொல் இங்கே தொண்டையைத் தாண்டவில்லை. மூன்றாவது கட்டி எரியும்போது கச்சிராயர் வேரறுந்த மரமாக முனியின் காலில் விழுந்தார்.

"அப்பனே, என்னை மன்னித்துவிடு! உன் பேரை இழுத்துவிட்டேன்! கட்டையால் அடித்தது நான்தான். கரியை எண்ணெயில் குழைத்துக் கையில் பூசி முதுகில் பதித்தேன். பட்டுச் சாத்தினேனே, போதவில்லையா? என் பிள்ளைகுட்டியை விட்டுவிடு!"

ஓரத்தில் குழந்தை சிணுங்கியது.

"கச்சிராயரே" என்றார் கூத்தன். "நீர் விழவேண்டிய கால் அங்கே ஓரத்தில் நிற்கிறது."

கச்சிராயர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காவலர்கள் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போதும் அவர் கண் முனியின் மீதே இருந்தது. எனக்கு அந்த ஆள் செய்த கொலையைவிட இதுதான் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் எப்படித் தெரிந்தது, கூத்தா?" என்றார் ராஜா.

"ராஜாவிடம் பொய் சொல்ல அவருக்குப் பயமில்லை, மகாராஜா. முனியிடம் சொல்லத்தான் பயம்."

அது தன்னையும் குத்துகிறது என்று புரிய ராஜாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காவிட்டால் கோபப்பட வேண்டியிருக்குமே. "கேள், என்ன வேண்டும்?"

"மடைக் காவலைச் சிலம்பாயிக்குக் கொடுங்கள். எனக்கு, வழக்கமாகக் கேட்பதுதான்."

"கொடுத்தேன், இரண்டும் கொடுத்தேன்!" என்று ராஜா சிரிப்பினூடே சொன்னார். சிரித்து முடித்துத் தன் தோளிலிருந்த சால்வையை எடுத்துப் போர்த்தத் திரும்பினால், கூத்தனைக் காணோம். அவர் உச்சிவெயிலில் முனியின் காலடியிலேயே துண்டை விரித்துத் தூங்கிப்போயிருந்தார்.

"ஐயோ, இந்த நேரத்திலா! எழுப்புங்கள், முனி அடித்துவிடும்!" என்று புரோகிதர் பதறினார்.

சிலம்பாயி மூட்டையைக் கீழே வைத்தாள்.

"எழுப்பாதீங்க சாமி, தூங்கட்டும். இந்த முனி இதுவரைக்கும் யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல."