தாளாளர் கட்டுரைக்கு முதல் தரம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் தாளாளர் திருமேனிநாதன். அங்கே கணினி அறையைப் பெருக்கிப் பூட்டும் அஞ்சுகம், மற்ற நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளுக்குத் தரம் போடுவாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற கலைக்களஞ்சியம் அது. தாளாளரைப் பற்றியும் யாரோ புனைபெயரில் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள்.

கலைக்களஞ்சியத்தார் கல்லூரியில் கூட்டம் போட்ட அன்று, தாளாளர் சபையிலேயே கேட்டுவிட்டார்.

"ஏ அஞ்சுகம், என் கட்டுரைக்கு முதல் தரம் போடுதியா, இல்ல நாளையிலேருந்து வீட்டோட இருக்கியா?"

"இப்பவே போட்டிரலாம் ஐயா. ஆனா முதல் தரம்னா எழுதினவருக்குப் பொன்னாடை போத்தணும். நம்ம வாட்ச்மேன் மாடசாமி அண்ணன்தான் எழுதினாராமே? மேடைக்குக் கூப்பிடட்டுமா?"

தாளாளர் துள்ளி எழுந்தார். "அந்தப் பயலா? அவன் பேரையே தப்பா எழுதுவான்! ஒவ்வொரு வரியும் நானே உக்காந்து எழுதினதாக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. தாளாளருக்கும் அப்போதுதான் உறைத்தது, முகம் கறுத்துவிட்டது.

அஞ்சுகம் பணிவாகச் சொன்னாள்: "அப்போ முதல் தரம் கிடையாதுங்க ஐயா. இன்னொண்ணு, 'ஏழைகளை ஒருநாளும் வேலையை விட்டு நிறுத்தாதவர்'னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுமா?"

அத்தனை பேரும் தாளாளரையே பார்த்தார்கள்.

"வந்து தொலை," என்றார்.