ராஜா சைக்கிளுக்கு பெல்ட்டு மாட்டின கதை

மருதங்காட்டு ராஜா பூபதிக்கு சைக்கிள்னா உசுரு. யானையும் குதிரையும் லாயத்துல தின்னுட்டுத் தூங்கும். ராஜா மட்டும் கிரீடத்தை வச்சுக்கிட்டு பெல்லடிச்சுக்கிட்டே போவாரு.

போன வருசத் தேரோட்டத்துல தேருக்கு முன்னாடி சைக்கிள்லதான் போனாரு. ஜரிகை வேட்டி. மேலவீதி திரும்பறப்ப சைக்கிள் செயினு வேட்டி முனையக் கவ்வுச்சு. கவ்வுனது விடலை. இழுத்துக்கிட்டே போச்சு. கடைசில வேட்டி சைக்கிள்கிட்ட, ராஜா பட்டாபட்டி டவுசரோட நடுவீதியில. ஊரே சாமிய விட்டுட்டு ராஜாவத்தான் சேவிச்சுது.

மறுநாள் சபையில ராஜா கத்துனாரு. அவருக்குக் கோவம் வந்தா குரல் கீச்சுக்கீச்சுன்னு பொறில மாட்டுன எலி மாதிரி ஆயிரும்.

"செயினே இல்லாத சைக்கிள் வேணும். வேட்டியக் கடிக்கக் கூடாது, மசகு ஒட்டக் கூடாது, சத்தம் வரக் கூடாது. யாரு செய்வா?"

அம்பலத்தாடி எந்திரிச்சாரு. ராஜாவுக்கு யோசனை சொல்லியே சோறு தின்னவரு. "நான் செய்யறேன் மகாராஜா. அரிசி மில்லுல சக்கரத்த பெல்ட்டுதானே சுத்துது? இங்கயும் சுத்தட்டும்."

சொன்னபடியே தோல் பெல்ட்டுல வரிசையா ஓட்டை போட்டு, பல்சக்கரத்துப் பல்லு அதுல மாட்டற மாதிரி செஞ்சு கொண்டாந்தாரு. ராஜா ஏறி மிதிச்சாரு. வேட்டி பத்திரம். மசகு இல்லை. ஆனா பெல்ட்ட ஒட்டித் தச்ச இடம் இருக்கே, அது ஒவ்வொரு சுத்துக்கும் டொக்கு. டொக்கு. டொக்கு.

திவான் நீலமேகத்துக்கு அப்பத்தான் பாயாசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. அம்பலத்தாடி வேலைய தன் மச்சினனுக்கு வாங்கித் தரணும்னு அலையற ஆளு. பேசறதுக்கு முன்னால தொண்டையச் செருமுவாரு. துருப்பிடிச்ச கதவத் தொறந்த மாதிரி இருக்கும். க்ர்ர்ஹூம்.

"மகாராஜா, நாயனக்காரர் உருகி வாசிக்கறப்ப உங்க பின்னாடி டொக்கு டொக்குன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? பெல்ட்டுல ஒட்டே இருக்கக் கூடாது. தையல் இருக்கக் கூடாது. வளையல் மாதிரி முழுசா இருக்கணும். வர்ற தேரோட்டத்துக்குள்ள முடியலைன்னா, இவரு வேலைய விட்டுட்டு ஊரைவிட்டே போகட்டும்."

ராஜா தலையாட்டிட்டாரு.

"அப்பறம் சாமிக்கு முன்னாடி தோலு போகலாமா?"ன்னும் ஒரு இழுவை இழுத்தாரு திவான்.

"மேளத்துல கட்டிருக்கிறது என்னங்கய்யா, பூசணித் தோலா?"ன்னாரு அம்பலத்தாடி. அதோட அந்தப் பேச்சு அடங்கிருச்சு.

செத்துப்போன ஒரு எருமையோட கழுத்துத் தோலக் கிழிக்காம, சட்டையக் கழட்டற மாதிரி உருவ வச்சாரு. பதம் பண்ணி, இழுத்து நீட்டி, ஓட்டை போட்டாச்சு. ஒட்டில்லை, தையலில்லை. முழு வளையம். சபையில கொண்டாந்து நீட்டுனாரு.

திவான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாருங்க, வாய் காது வரைக்கும் போயிருச்சு.

"ஓய், இத சைக்கிளுக்குள்ள எப்படி ஓய் மாட்டுவீர்? செயினுன்னா கழட்டி மாட்டலாம். இது முழு வளையம். பின்சக்கரத்தப் புடிச்சிருக்கிற கம்பி குறுக்க நிக்குது. பெல்ட்ட வெட்டாம அது உள்ள போகாது. வெட்டுனா ஒட்டணும். ஒட்டுனா டொக்கு."

அம்பலத்தாடிக்கே அப்பத்தான் அது உறைச்சுது. வீட்டுல மூட்டை முடிச்சக் கட்டச் சொல்லணுமோன்னு ஒரு நிமிசம் தோணிருச்சு மனுசனுக்கு. சபையில நின்ன ராஜா சைக்கிளையே குனிஞ்சு பாத்தாரு. நிமிந்தப்ப மூஞ்சி தெளிஞ்சிருந்துச்சு.

"பெல்ட்டுல கத்தி படக் கூடாது. சரிங்கய்யா. வேற எதுலயாவது படலாமா?"

திவானுக்கு ஜெயிச்ச குஷி. "பெல்ட்ட விட்டுட்டு ஊர்ல எத வேணா வெட்டிக்கோ ஓய்."

"மகாராஜாவும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?"

"கேட்டேன். வெட்டிக்க"ன்னாரு ராஜா.

அம்பலத்தாடி பெல்ட்ட எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. பட்டறைப் பக்கம் கரகரன்னு அறுக்கற சத்தம். அப்பறம் டங்கு டங்குன்னு ரெண்டு அடி. கொஞ்ச நேரத்துல ஒரு சைக்கிள உருட்டிக்கிட்டு வந்தாரு. பெல்ட்டு உள்ள ஜம்முன்னு உக்காந்திருக்கு. பெல்ட்டுல ஒரு கீறல் இல்லை.

"குறுக்க நின்ன கம்பிய அறுத்தேன் மகாராஜா. பெல்ட்ட உள்ள நுழைச்சேன். அறுத்த எடத்துல இரும்புக் குழாயப் போட்டு போல்ட்டு முறுக்கிட்டேன். ஏறுங்க."

ராஜா ஏறி சபைய மூணு வட்டம் அடிச்சாரு. பூனை நடந்த மாதிரி இருந்துச்சு. டொக்கும் இல்லை, டக்கும் இல்லை. ஆனா ஒரு சந்தேகம் வந்து இறங்கி, சைக்கிளக் குனிஞ்சு பாத்தாரு.

"அம்பலத்தாடி, இது என் சைக்கிள் மாதிரி தெரியலையே?"

திவான் அப்பத்தான் உத்துப் பாத்தாரு. செருமக்கூட வரலை. "அது... அது என் சைக்கிள்."

"ஆமாங்கய்யா"ன்னாரு அம்பலத்தாடி. "மகாராஜா சைக்கிள அறுத்தா ராஜதுரோகம். என் சைக்கிள அறுக்கலாம்னா எனக்கு சைக்கிளே கிடையாது. ஊர்ல மிச்சம் இருக்கிறது உங்களோடதுதான். எத வேணா வெட்டிக்கோன்னு நீங்களும் பெரிய மனசு பண்ணிச் சொல்லிட்டீங்க."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு உருண்டுருச்சு. "இது இனிமே என் சைக்கிள். என்னோட பழசு உனக்குப் பரிசு, ஓட்டிக்கிட்டுப் போ."

சாயங்காலம் சபை கலைஞ்சுது. திவான் கோட்டை வாசல்ல நின்னு வீட்டுக்குப் போற மணல் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல ஒரு சைக்கிள் வந்து நின்னுச்சு.

"ஏறுங்கய்யா. கேரியர் காலியாத்தான் இருக்கு."

திவான் வானத்தப் பாத்தாரு. ரோட்டப் பாத்தாரு. செருமுனாரு. ஏறி உக்காந்தாரு.

"மெதுவா மிதி ஓய்."