ஈன்ற யானையின் இருபுறமும்

“அம்மா, என்னைச் சிஷ்யையாச் சேத்துக்குங்க. வீட்டுக்குப் போனா என் பிள்ளைய நானே கொன்னுடுவேன்.”

மலைமேல் குடில் போட்டிருந்த அம்மையாரின் காலில் செங்கமலம் விடிந்ததும் விடியாததுமாக வந்து விழுந்தாள். அம்மையாரோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்து பேசுகிறவர்.

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“இன்னும் கழுத்தே நிக்கல. அது அழுதா எனக்கு உடம்பெல்லாம் பதறுது. நேத்து தூக்கிக்கிட்டுக் கிணத்தடி வரைக்கும் போயிட்டேன். மாமியார் ஓடி வந்து பிடுங்கிக்கிட்டாங்க.”

“நீ தூங்கி எத்தனை நாளாச்சு?”

“பெத்ததுல இருந்தே தூக்கம் இல்ல.”

“வீட்டுல என்ன செஞ்சாங்க?”

“பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலையால அடிச்சாங்க.”

வேப்பிலைக்கு ஓடுகிற பேயாக இருந்தால் அது அன்றைக்கே ஊரைக் காலி செய்திருக்கும். காலி செய்துகொண்டு வந்தவள் செங்கமலம்தான். பிள்ளை பிழைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அம்மையார் எழுந்தார். குடிலில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சிஷ்யை முத்தாயியையும் கூப்பிட்டுக்கொண்டார். மூவரும் ஓடைக்கு மேலிருந்த பாறையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

கீழே யானைக் கூட்டம் ஒன்று நின்றது. அதில் ஒரு யானை அப்போதுதான் கன்று ஈன்றிருந்தது. ஈரம் காயாத கன்று தடுமாறி எழுந்து தாயிடம் போனது.

தாய் அதைக் காலால் எற்றியது.

செங்கமலம் பாறை விளிம்புக்கு நகர்ந்தாள். தன்னையே பார்ப்பது போலிருந்தது.

கன்று மறுபடியும் போனது. தாய் மிரண்டு பிளிறிக் காலைத் தூக்கியது.

அதற்குள் மலையே நகர்ந்ததுபோல மூன்று யானைகள் வந்தன. ஒன்று கன்றைத் துதிக்கையால் இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் தாயின் இரண்டு பக்கமும் போய் நின்றன.

“தாயை அடிக்கப் போகுதா?”

“பாரு.”

அடிக்கவில்லை. விலாவோடு விலா ஒட்டி நின்றன, அவ்வளவுதான். தாய் முட்டியது, உதறியது, நடுங்கியது. அவை நகரவில்லை. ஒன்று தன் துதிக்கையை மெல்லத் தாயின் வாயில் வைத்தது.

வெயில் ஏற ஏற நடுக்கம் குறைந்தது. கன்று மெதுவாக முன்னால் தள்ளிவிடப்பட்டது. தாய் அதை முகர்ந்து பார்த்தது. கன்று மடியைத் தேடியபோது காலைத் தூக்கவில்லை. அப்போதும் அந்த இரண்டு யானைகளும் விலகவில்லை.

 செங்கமலம் தன்னையறியாமல் கைகூப்பியிருந்தாள்.

அம்மையார் பாறையிலிருந்து இறங்கி நடந்தார்.

“அம்மா, குடில் அந்தப் பக்கம்.”

“உன் வீடு இந்தப் பக்கந்தானே?”

“வேணாம்மா. என் கையை நினைச்சா எனக்கே பயமா இருக்கு.”

“பிள்ளை இப்போதைக்கு மாமியார்கிட்ட இருக்கட்டும். தூக்கத்துக்கு வைத்தியர் மருந்து குடுப்பாரு. உன் மனசுல வர்றதை எல்லாம் எங்கிட்ட சொல்லு. எவ்வளவு கோரமா இருந்தாலும் சொல்லு.”

“எத்தனை நாளைக்கும்மா?”

 அம்மையார் செங்கமலத்தின் இடப்பக்கம் வந்து நடந்தார். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாக முணுமுணுத்தபடி முத்தாயி வலப்பக்கம் வந்து சேர்ந்தாள்.

அது ஒற்றையடிப் பாதை. மூன்று பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. இருபுறமும் முள் கிழித்தது. இரண்டு பேரும் விலகவில்லை.