உறுமிக்கு நடுவே வாசித்த ஓலை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடம்பவாயில் என்ற நாட்டை மாறவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் அந்த மனசு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. கனவில் கிளி வந்தது என்று ஊர்க் கதவுகளுக்கெல்லாம் பச்சை அடிக்கச் சொன்னான். கதவு காய்வதற்குள் பச்சை சலித்துப்போய்விட்டது.

அவனுடைய அமைச்சர் திருமேனியார் அதிகம் பேசமாட்டார். இருந்தாலும் எதற்கெடுத்தாலும் "திருமேனியார் என்ன சொல்கிறார்?" என்றுதான் ராஜா கேட்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் சபையில் இன்னொரு பிரதானியான வீரபத்திரராயருக்கு வயிறு எரியும்.

ராயருடைய மைத்துனன் மொட்டையப்பன் குயவர் தெருவில் கள்ளுக்கடை வைத்திருந்தான். ராத்திரி முதல் சாமம் வரைக்கும்தான் கடைக்கு அனுமதி. ஆனால் ராயர் இருக்கிற தைரியத்தில் ஆறு மாதமாக விடிய விடியக் கள் ஊற்றி, உறுமியும் தவிலும் முழங்க ஆட்டம் நடத்திவந்தான். இப்போது அதற்கே ராஜமுத்திரை போட்ட ஓலை வேண்டும் என்று ராயர் சபையில் கேட்டார்.

அன்றைக்குக் குயவர் தெருவிலிருந்து இரண்டு பேர் முறையிட வந்திருந்தார்கள். ஒருத்தி மருத்துவச்சி பேச்சி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். இன்னொருவன் சடையன் என்ற குயவன்.

"போன அமாவாசையன்று என் பெண்சாதிக்கு வலி கண்டது, மகாராஜா" என்றான் சடையன். "பேச்சியம்மா வீடு கள்ளுக்கடைக்கு அடுத்த வீடு. கை வீங்கும்வரை கதவைத் தட்டினேன், கத்தினேன். மேளத்தில் அவர் காதுக்கு எதுவும் போகவில்லை. கடைசியில் கூரையைப் பிரித்து உள்ளே குதித்துத்தான் எழுப்பினேன். தாயும் பிள்ளையும் பிழைத்தது அம்மா கை ராசி. இன்னும் கொஞ்சம் நேரமாகியிருந்தால்..."

"கடையை மூடச் சொல்லவில்லை" என்றாள் பேச்சி. "உழைத்தவன் குடிக்கட்டும், ஆடட்டும். முதல் சாமத்துக்கு மேல் என்னைக் கூப்பிடுகிறவன் குரல் எனக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்."

ராயர் சிரித்தார். "மேளம் அப்படி ஒன்றும் பெரிய சத்தமில்லை, மகாராஜா. பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசலாம், நானே பேசியிருக்கிறேன். இந்தக் கிழவிக்குக் காது மந்தம்."

ராஜாவுக்கு அந்த வாரம் ஆட்டத்தின் மேல் ஆசை. "கொடுத்துவிடலாமே. திருமேனியார் என்ன சொல்கிறார்?"

"கொடுக்கலாம், மகாராஜா."

பேச்சியின் முகம் வாடிப்போயிற்று.

"ஒரு வழக்கம் மட்டும் இருக்கிறது" என்று திருமேனியார் தொடர்ந்தார். "ஆணை எந்தத் தெருவுக்கோ, அந்தத் தெருவில் அதை வாசிக்க வேண்டும். தெருக்காரர்கள் 'கேட்டோம்' என்று சொன்ன பிறகுதான் முத்திரை. தங்கள் பாட்டனார் வைத்தது. நாளை சாயங்காலம் கடை வாசலிலேயே ராயர் வாசிக்கட்டும். தாங்களும் ஆட்டம் பார்க்கலாம்."

"மேளத்தை நிறுத்திவிட்டா?" என்று கேட்டான் ராஜா.

"நிறுத்துவானேன்? சாவகாசமாகப் பேசலாம் என்று ராயர் சொன்னாரே."

அமைச்சர் இறங்கி வந்துவிட்டார் என்று ராயருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலுள்ள மேளத்தையெல்லாம் இறக்கு என்று மைத்துனனுக்கு ஆளனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் எட்டு உறுமி, நான்கு தவில். தெருவே திரண்டு நின்றது. ராஜா நடுவில் உட்கார்ந்தான். ராயர் ஓலையைப் பிரித்தார். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க ராயர் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று ராஜா கேட்டான். திருமேனியார் காதில் கையை வைத்துக் காட்டினார். ராஜா தண்ணீர் கேட்டான். சேவகன் பணிவாகக் குடையை விரித்தான். "நிறுத்துங்கள்" என்று ராஜா மூன்று தடவை கத்தினான். மேளக்காரர்கள் கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று கையை வீசினான். ராஜாவுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது என்று ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றி வந்து ஆடினார்கள்.

திருமேனியார் நடந்துபோய் முதல் உறுமியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின.

"நிறுத்தச் சொன்னேனே" என்றான் ராஜா, தொண்டை கட்டிப்போய்.

"சத்தியமாகக் கேட்கவில்லை, மகாராஜா" என்று உறுமிக்காரன் நடுங்கினான்.

"அவன் சொல்வது நிஜம்" என்றார் திருமேனியார். "பத்தடி தூரத்தில் ராஜாவின் குரலே கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவளுக்குச் சடையன் குரல் எப்படிக் கேட்கும்?"

ராஜா தெருக்காரர்களைப் பார்த்தான். "ஆணையைக் கேட்டீர்களா?"

"கேட்கவில்லை" என்றார்கள் அத்தனை பேரும்.

"ராயரே, என்ன வாசித்தீர்? இப்போது சொல்லும்."

ராயர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ராஜா ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். "முதல் சாமம் வரை கடையும் மேளமும் இருக்கட்டும். அதற்கு மேல் இரண்டும் கிடையாது. தொண்டை சரியானதும் ஒரு மாதம் ராயரே இங்கே வந்து 'சாமம் முடிந்தது' என்று கூவட்டும், எல்லார் காதிலும் விழும்படி" என்றான். பேச்சியிடம் திரும்பினான். "ஆட்டம் பார்க்கிற ஆசையில் உன் பேச்சை நான் காதில் வாங்கவில்லை, தாயே. நேற்று நீ வராமல் இருந்திருந்தால் முத்திரை போட்டிருப்பேன். நீ வந்ததற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும்."

திருமேனியாருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

ஐந்தாம் நாள் பேச்சி ஒரு சின்னக் கலயத்தோடு அமைச்சர் வீட்டுக்கு வந்தாள். "நேற்று ராத்திரி மேலத்தெருவிலிருந்து ஒருவன் கூப்பிட்டான் ஐயா. ஒரே தடவைதான் கூப்பிட்டான், எழுந்துவிட்டேன். பெண் குழந்தை" என்றாள். கலயத்தை நீட்டினாள். "பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம். உங்களுக்கு இது எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் செய்கிறதில் நல்லது இதுதான்."

திருமேனியார் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் எதிரிலேயே ஒரு பெரிய உருண்டை எடுத்து வாயில் போட்டார். சுக்கும் மிளகும் ஏறி அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

"காரமா ஐயா?"

"காரம்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை எடுத்தார்.