மூன்று உடுப்பும் ஒரு சிங்கமும்

கொட்டாரங்குளம் ஜமீனில் முட்டாள்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்கிறார்கள். புத்திசாலிகள் எத்தனை பேர் என்று கேட்டால் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒருத்தரும் இல்லை. ஆகவே அந்த ஜமீனிலிருந்து நாலு பேர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய் வந்த கதையைச் சொல்லும்போது, அவர்களைத் தேடிப் பொறுக்கி எடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கைக்கு அகப்பட்ட நாலு பேர், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொட்டாரங்குளத்துத் தேரில் முதல் வடம் தொடும் உரிமை நாலு தலைமுறையாக ஜமீன்தார் சங்கிலிவீரப்பரின் குடும்பத்துக்கு இருந்தது. அவர் தொட்டு இழுத்த பிறகுதான் மற்றவன் வடத்தில் கைவைக்கலாம். அந்த வருஷம் பக்கத்துப் பனையடி ஜமீன்தார் வன்னியப்பர் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஒரு சிங்கத்தோலோடு திரும்பினார். அதை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, சிங்கத்தை வென்றவனுக்குத்தான் முதல் வடம் என்றார். கோயில் தர்மகர்த்தாக்கள் மூன்று பேரும் கூடிப் பேசி, அது நியாயம்தான் என்றார்கள். அடுத்த பங்குனித் தேருக்குள் சங்கிலிவீரப்பரும் ஒரு சிங்கத்தை வென்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வடம் பனையடிக்குப் போய்விடும், திரும்பி வராது.

சங்கிலிவீரப்பர் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவருக்கு வேறு எந்தப் பெருமையும் கிடையாது என்பது அவருக்கே தெரியும். படிப்பில்லை, வீரமில்லை, பாட்டுக் கேட்டால் தூங்கிவிடுவார். வருஷத்தில் ஒருநாள் அந்தக் கயிற்றைத் தொடுவதுதான் அவர் செய்த ஒரே வேலை.

ஆப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் வேட்டை முகாம் நடத்தினார். அவரிடம் கணக்கராக இருந்தவர் தூத்துக்குடிக்காரர், சவரிராயன் என்று பேர். வேட்டைக்கு வருகிறோம் என்று ஜமீனிலிருந்து எழுதியதற்கு அவர் தமிழில் பதில் கடிதம் போட்டார்: “முகாமுக்கு ஆற்றில் சின்னப் படகில்தான் வர வேண்டும். ஆகவே போகவும் வரவும் ஓர் ஆளுக்கு மூன்று உடுப்புக்கு மேல் கூடாது. அழுக்குத் துணியைத் தினமும் காலையில் கூடாரத்துக்கு வெளியே வைத்தால் மாலைக்குள் துவைத்துத் தருவோம். உடுப்பு காய்ந்த புல் நிறத்தில் இருக்கட்டும்.”

தெளிவான கடிதம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். கெட்ட காலம், குழந்தை யாரும் அங்கே இல்லை.

ஜமீனில் ஒரு வழக்கம் இருந்தது. பயணம் போகும்போது எசமான் எத்தனை உடுப்பு எடுக்கிறாரோ, அதற்கு ஒன்று குறைவாகத்தான் காரியஸ்தர் எடுக்கலாம். காரியஸ்தருக்கு ஒன்று குறைவாகச் சமையல்காரர், அவருக்கு ஒன்று குறைவாகத் துப்பாக்கிக்காரன். எசமான் நாற்பது உடுப்போடு போன காலத்தில் யாருக்கும் கஷ்டமில்லை. இப்போது எசமானுக்கே மூன்று.

காரியஸ்தர் திருமலையப்பன் விரல் விட்டு எண்ணினார். “எசமானுக்கு மூணு. எனக்கு ரெண்டு. சமையலுக்கு வார ஆவுடையப்பனுக்கு ஒண்ணு.”

“எனக்கு?” என்றான் துப்பாக்கிக்காரன் சுடலைமாடன்.

காரியஸ்தர் மறுபடி எண்ணினார். அதே இடத்தில்தான் வந்து நின்றது. “உனக்கு ஒண்ணுமில்லடே.”

நாலு பேருக்கும் இது நியாயமாகவே பட்டது. கடிதத்தில் ஓர் ஆளுக்கு மூன்று என்று இருக்கிறதே, அவனுக்கும் மூன்று கொடுக்கலாமே என்று ஒருத்தனாவது வாய் திறந்தானா? இல்லை. கோவணத்தைப் பற்றித்தான் சண்டை வந்தது.

“கோவணம் உடுப்பா, இல்லியா?” என்று கேட்டார் எசமான்.

“மேல வேட்டி இருந்தா கோவணம் உடுப்பில்ல எசமான்,” என்றார் சமையல்காரர் ஆவுடையப்பன். “மேல ஒண்ணுமே இல்லன்னா அதுதான உடுப்பு.”

“அப்ப நான் கெட்டலாமா?” என்றான் சுடலை.

“உடுப்புன்னா நீ கெட்டப்படாது. உடுப்பில்லன்னா கெட்டி என்ன பிரயோசனம்?” என்றார் ஆவுடையப்பன்.

இரண்டு நாள் யோசித்து எசமான் தீர்ப்புச் சொன்னார். “அது காயத்துக்குப் போட்ட கட்டுன்னு வச்சுக்கிடுவோம். காயக்கட்டு உடுப்புல சேராது. யாரும் கேட்டா நொண்டிக் காமி.”

அப்படியே புறப்பட்டார்கள். எசமான் தம் மூன்று சரிகைக் கோட்டையும் வேட்டிகளையும் கடுக்காய்ச் சாயத்தில் முக்கி எடுத்து, பெட்டியில் வைத்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காரியஸ்தர் இரண்டைப் போட்டுக்கொண்டார். கப்பலில் வெயில் தாங்காமல் இருவரும் பத்து நாளில் பாதியாக இளைத்தார்கள். சுடலை மட்டும் காற்றாட நொண்டிக்கொண்டே திரிந்தான். கப்பல் வைத்தியர் அவனைப் பார்க்க வந்தபோதெல்லாம் கட்டை அவிழ்க்க மாட்டேன் என்று ஓடினான்.

முகாமுக்கு வந்த முதல்நாள் காலையில் சவரிராயன் வேட்டைக்கு அழைக்கப் போனார். கூடாரத்துக்கு வெளியே துணி குவிந்து கிடந்தது. உள்ளே எசமானும் காரியஸ்தரும் சமையல்காரரும் முகாம் கம்பளிகளைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, கிளம்பலியா?”

“துணி வெளுக்கப் போட்டிருக்கு. எப்படிக் கிளம்ப?” என்றார் காரியஸ்தர்.

“ஒண்ண உடுத்திக்கிட்டு மத்தத வெளுக்கப் போடக்கூடாதா?”

“அழுக்குத் துணிய வெளிய வைக்கணும்னு நீருதான எழுதினீரு? மூணும் அழுக்கு. எது அழுக்கில்லன்னு நீரே சொல்லும் பாப்போம்.”

சவரிராயன் துணியைப் பார்த்தார். கப்பலில் ஒரு மாதம் ஊறிய துணி. குவியலை அப்படியே வெளுக்க அள்ளிக்கொண்டு போனார்.

மாலையில் துணி வெள்ளையும் சுத்தமுமாக வந்தது. ஆம், சாயம் முழுக்கப் போயிருந்தது. மூவரும் எல்லாவற்றையும் உடுத்திக்கொண்டு படுத்தார்கள். படுத்துப் புரண்ட துணி காலையில் அழுக்கு. மறுபடி வெளியே வைத்தார்கள். மறுபடி கம்பளி. இப்படி எட்டு நாள். சிங்கம் வேட்டையாட ஆயிரம் காதம் கடந்து வந்த எசமான், எட்டு நாளும் கூடாரத்தின் துணிச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் அவர் கண் கலங்கிவிட்டது.

“சுடலை, ஒனக்குத்தான் வெளுக்கப் போட ஒண்ணும் இல்ல,” என்றார். “நீ போய்ச் சுடு. நீ சுட்டா நான் சுட்ட மாதிரி.”

இதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கொட்டாரங்குளத்தில் எசமானுக்காக விரதம் இருப்பதற்கே ஓர் ஆள் உண்டு. அவன் பட்டினி கிடக்க, எசமான் சாப்பிட்டுவிட்டுப் புண்ணியத்தை வாங்கிக்கொள்வார்.

சுடலை புறப்படும்போது சவரிராயன் ஒரு சட்டையைக் கொடுத்தார். அவன் வாங்கவில்லை. சட்டை போட்டால் ஆவுடையப்பனுக்குச் சமமாகிவிடுவானாம். ஆனால் காய்ந்த புல் நிறத்தில் இருக்க வேண்டும் என்று கடிதம் சொன்னதே? காய்ந்த புல்லையே பிடுங்கித் தலையிலிருந்து கணுக்கால்வரை வரிந்து கட்டிக்கொண்டு, காட்டில் ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வரிக்குதிரை வந்து அவன் தோளில் கட்டிய புல்லைத் தின்றது. சுடலை அசையவில்லை. அசைந்தால் புல் இல்லை என்று தெரிந்துவிடும் அல்லவா? பிறகு இன்னும் இரண்டு வந்து முதுகைத் தின்றன. மூன்றும் சேர்ந்து இடுப்பை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு சிங்கம் அவற்றின்மேல் பாய்ந்தது. வரிக்குதிரைகள் தப்பின. பாய்ந்த சிங்கம் சுடலையின் மடியில் வந்து விழுந்தது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துப்பாக்கி விசையை இழுத்தான். குறி பார்க்கிற வேலையே இல்லாததால் குறி தப்பவில்லை.

சிங்கம் செத்தது என்று கேட்டதும் எசமான் கம்பளியோடு எழுந்து நின்று அழுதார். நாலு தலைமுறைப் பெருமை தப்பிவிட்டது. அந்த அழுகையை நான் கேலி செய்யவில்லை. அடுத்து நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

புறப்படும் நாளில் சவரிராயன் தோலைப் பதப்படுத்தி, அழகாக மடித்துக் கொண்டுவந்தார்.

“இது என்னவே?” என்றார் காரியஸ்தர்.

“சிங்கத்தோல்.”

“எசமானுக்கு மூணு உடுப்பு ஏற்கெனவே இருக்கு. நாலாவது கூடாதுன்னு நீருதான எழுதினீரு?”

“தோலு எப்படி உடுப்பாகும் அண்ணாச்சி?”

“சிங்கம் இத எதுக்குப் போட்டிருந்துச்சு? குளிருக்கும் மானத்துக்கும். நாம வேட்டி எதுக்குக் கெட்டுதோம்? குளிருக்கும் மானத்துக்கும். பெறவு?”

சவரிராயன் நல்ல மனுஷர். பொறுமையாக வழி சொன்னார். “அப்ப எசமான் ஒரு உடுப்ப இங்க விட்டுட்டு, அதுக்குப் பதிலா இதக் கொண்டு போகட்டும்.”

“அப்ப எசமானுக்கும் ரெண்டு துணி, எனக்கும் ரெண்டு துணியா? நான் ஒண்ண விடணும். நான் விட்டா ஆவுடையப்பன் இருக்கிற ஒண்ணையும் விடணும்.”

“நான் மாட்டேன்,” என்றார் ஆவுடையப்பன். “காயுத எண்ணெய்க்கு முன்னால நிக்கிறவன் நான்.”

“சரி, சுடலை பேருல எழுதிக்கிடுங்க. அவருக்குத்தான் ஒண்ணுமே இல்லியே.”

மூவரும் சவரிராயனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எசமானே உடுத்தாத சிங்கத்தோலைச் சுடலை உடுத்துவதாம். சுடலைக்கே கோபம் வந்தது.

எசமான் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் முகம் தெளிந்தது. “உடுப்புதான கூடாது? உடுப்ப விட்டுருவோம். சிங்கத்தக் கொண்டு போவோம்.”

இப்படியாகத் தோலை மாத்திரம் விட்டுவிட்டு, தோலுக்குள் இருந்ததையெல்லாம் உப்புப் போட்டுப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஐந்தாம் நாள் நாற்றம் தாங்காமல் கப்பல் தலைவர் இறைச்சியை வழித்துக் கடலில் கொட்டச் சொன்னார். எலும்பு மிஞ்சியது. அதற்கும் அவர்கள் வருத்தப்படவில்லை, பெட்டி இன்னும் கனம் குறைந்ததாம். சவரிராயன் அந்தத் தோலைத் தம் நாற்காலியில் போட்டுக்கொண்டதாகவும், கடிதம் எழுதும் வேலையை அன்றோடு விட்டுவிட்டதாகவும் கேள்வி.

தேரன்று காலையில்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். தேரடியில் ஊரே கூடியிருந்தது. பனையடி வன்னியப்பர் தம் சிங்கத்தோலைத் தோளில் போர்த்திக்கொண்டு வடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். சங்கிலிவீரப்பர் பெட்டியைத் திறந்து எலும்புகளை அடுக்கினார். கால் எது, விலா எது என்று தெரியாமல் அடுக்கியதால் கொஞ்சம் கட்டில்போல் இருந்தது. தலை மட்டும் சரியாக முன்னால் வந்தது.

“தோல் எங்க?” என்றார் பெரிய தர்மகர்த்தா.

“அது சிங்கத்தோட உடுப்புல்லா. அங்கயே விட்டுட்டோம். சிங்கம் மட்டும் வந்திருக்கு.”

வன்னியப்பர் சிரித்தார். அவர் சிரித்தது தப்பு. தர்மகர்த்தாக்கள் மூவரும் கொட்டாரங்குளத்துக்காரர்கள் என்பதை மறந்துவிட்டார். அவர்கள் தலையோடு தலை சேர்த்து ஒரு நாழிகை பேசினார்கள்.

“பனையடியார் கொண்டுவந்தது வெறும் உடுப்பு,” என்றார் பெரியவர். “உடுப்ப யாரும் கொடியிலருந்து உருவிட்டு வரலாம். நம்ம எசமான் ஆளையே கூட்டிட்டு வந்திருக்காரு. கொட்டாரங்குளந்தான் ஜெயிச்சுது.”

கொட்டு முழங்கியது. சங்கிலிவீரப்பர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை வடத்தை நோக்கி நீட்டினார். அவர் வாழ்வில் அதைவிடப் பெரிய நேரம் இல்லை.

“பொறுங்க,” என்றார் இரண்டாவது தர்மகர்த்தா. “சிங்கம் யாரு? காட்டுக்கு ராஜா. ராஜா எதுக்க இருக்கும்போது ஜமீன்தார் முத வடம் தொடலாமா?”

எசமான் காரியஸ்தரைப் பார்த்தார். வரிசை தவறாமல் வாழ்ந்த காரியஸ்தர் தலை குனிந்து சொன்னார். “முறைன்னு பாத்தா, ராஜாதான் எசமான் முதல்ல.”

எசமானும் வரிசை அறிந்தவர். ஓர் அடி பின்னால் நகர்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் இரண்டாவது ஆளாக நின்றார். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் முறை முறைதானே. வன்னியப்பர் இன்னும் பின்னால், மூன்றாவதாகப் போனார்.

வடத்தின் நுனியைப் பயபக்தியோடு எடுத்துவந்து சிங்கத்தின் பல்லிடுக்கில் கொடுத்தார்கள். ராஜா இழுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம் என்று தர்மகர்த்தாக்கள் தண்டோரா போட்டார்கள்.

மத்தியானமாயிற்று. தேர் அசையவில்லை. சாயங்காலமாயிற்று. ஆயிரம் பேர் வடத்தின் இரு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் பெரிய தர்மகர்த்தாவிடம் போய், இது எப்போதய்யா இழுக்கும் என்று கேட்டார்.

பெரியவர் அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சிங்கத்தின் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: “கப்பல்ல வந்த களைப்பு. ரெண்டு நாள் நல்லா தின்னு தேறட்டும், இழுத்துரும்.”

ஆவுடையப்பன் அப்போதே அதற்கு உலை வைத்துவிட்டார்.