பக்கத்தில் இருந்த பம்பு ஸ்டவ்

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடர் போன வருடமே பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டாம்பு சேர்ப்பவர்கள் உலகத்தில் யார் குரு என்பதை நரைத்த முடி தீர்மானிப்பதில்லை.

குருவின் பெயர் செலின். குரோம்பேட்டையில் பல் டாக்டர். சீடர் தணிகைவேல், மின்வாரியத்தில் இருந்தவர். இருவரும் வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போவார்கள். உடைந்த பொம்மையிலிருந்து கப்பல் விளக்கு வரை எல்லாம் தார்ப்பாயில் கிடக்கும் அந்தச் சந்தையில், இவர்கள் கண்ணுக்குப் பழைய ஸ்டாம்பு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சந்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடித்த பொருளை யாரும் முதலில் விலை கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பதைக் கேட்பார்கள். அதை வேண்டாம் என்பார்கள். கிளம்புவது போல இரண்டு அடி வைப்பார்கள். பிறகு, போனால் போகிறது என்று பிடித்ததைத் தொடுவார்கள். இது விற்கிறவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் யாரும் விட்டபாடில்லை.

தணிகைவேலுக்கு இந்த வித்தையில் பாதிதான் கைவந்தது. பக்கத்தில் இருப்பதை விலை கேட்டுவிடுவார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வராது. பாவம், நல்ல மனுஷர். அவர் வீட்டு பால்கனியில் தட்டு இல்லாத தராசும், லாரி ஹாரனும், சாவி தொலைந்த பூட்டுகளும் சேர்ந்துபோயின.

கடைசியில் அவர் மனைவி சுலோச்சனா சொல்லிவிட்டார்:

"இனிமே ஒரு தட்டுமுட்டு சாமான் இந்த வாசப்படி தாண்டினாலும், உங்க ஆல்பம் பழைய பேப்பர்காரர் தராசுல ஏறும்."

சுலோச்சனா சொன்னால் செய்கிறவர்.

அந்த ஆல்பத்தில் நான்கு பறவைகளுக்கு ஒரு பக்கம் இருந்தது. மூன்று வந்தாயிற்று. மாங்குயிலுக்கு விட்ட இடம் காலியாகவே கிடந்தது. தணிகைவேல் தினமும் ஒரு தடவையாவது அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தை வாசலில் அவர் கேட்டார்:

"குருவே, ஆசைப்பட்டதை எப்படிக் கேட்கிறது?"

"வாங்க சார்" என்றார் செலின்.

பழைய சாமான் விற்கும் ஏகாம்பரத்தின் தார்ப்பாய் முன்னால் போய் இருவரும் குந்தினார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நீராவி எஞ்சின் போட்ட ஸ்டாம்பு ஒன்று இருந்தது. அதை ஒட்டி மண்ணெண்ணெயில் எரியும் பழைய பித்தளை பம்பு ஸ்டவ் ஒன்று. வழக்கப்படி ஸ்டவ்வைத்தான் கேட்க வேண்டும்.

"இந்த எஞ்சின் எனக்கு வேணுங்க. ரொம்ப நாளா தேடறேன்" என்றார் செலின்.

தணிகைவேலுக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஏகாம்பரத்துக்கும் அப்படித்தான். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படி ஒருவரை அவர் பார்த்ததில்லை. செலினைப் பார்த்தார். ஸ்டாம்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டவ்வைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஸ்டவ்வு விலைக்கு இல்ல."

"ஸ்டவ் வேண்டாங்க."

"அல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்வாங்க."

அவர் ஸ்டவ்வை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைக் காப்பாற்றும் அவசரத்தில் ஸ்டாம்பை நியாயமான விலைக்கே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் தணிகைவேல் கை தட்டினார்.

"அடேயப்பா! என்ன தந்திரம்!"

"எது சார் தந்திரம்?" என்றார் செலின். அவர் எஞ்சினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தணிகைவேல் தனியாகப் போனார். ஏகாம்பரத்தின் தார்ப்பாயில் மாங்குயில் இருந்தது. மஞ்சள் உடம்பு, கறுத்த தலை, முனை மடங்காத ஸ்டாம்பு. அதை ஒட்டி அதே ஸ்டவ். இந்த வாரம் அது புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

தணிகைவேல் குந்தினார். தொண்டையைச் செருமினார்.

"இந்த மாங்குயில் எனக்கு வேணும்பா. ரொம்ப நாளா தேடறேன்."

ஏகாம்பரம் அவரையே உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு உயிருள்ள மாங்குயிலையே கூண்டோடு வாங்கலாம்.

"என்னப்பா அநியாயம்! நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"அதான் சார் இவ்ளோ விலை."

தணிகைவேலுக்கு வியர்த்தது. எத்தனையோ வருடப் பழக்கம், வாய் தானாகவே திறந்துகொண்டது.

"சரி, இந்த ஸ்டவ் என்ன விலை?"

ஏகாம்பரம் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா! எனக்குத் தெரியும் சார்! போன வாரமே எனக்குத் தெரியும்!"

சாயங்காலம் செலினின் கிளினிக்கில் பல்வலிக்காரர்கள் நடுவே ஒருவர் மடியில் பம்பு ஸ்டவ்வோடு உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளாக உள்ளே போனார். பழக்க தோஷத்தில் பல் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார்.

"நீங்க சொன்ன அதே வார்த்தை, குருவே. ஒரு எழுத்து மாறல. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

"சொல்லும்போது எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"அவன் மூஞ்சியைத்தான். நம்புறானா இல்லையான்னு."

செலின் கையுறையைக் கழற்றினார்.

"நான் எஞ்சினைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்."

தணிகைவேலுக்குத் திறந்த வாய் மூடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் செலின் ஒரு பல்லைப் பார்த்திருப்பார்.

"மாங்குயில் இன்னும் அங்கதான் இருக்கு" என்றார் தணிகைவேல் கடைசியில். "அடுத்த வாரம் போய்க் கேட்கலாம். ஆனா அதை ஒட்டறதுக்கு ஆல்பம் இருக்கணுமே. இந்த ஸ்டவ்வோட எப்படி நான் வீட்டுக்குப் போறது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"ஸ்டவ்வைப் பார்த்துக்கிட்டே சொல்லட்டுமா?"

"வழக்கமா சாமான் வாங்கிட்டுப் போனா என்ன சொல்வீங்க?"

"சும்மா குடுத்தாங்கன்னு சொல்வேன்."

"எங்க பார்த்துக்கிட்டு?"

"ஃபேனை."

செலின் விளக்கை அணைத்தார்.

"இன்னைக்கு உங்க வீட்டம்மா மூஞ்சியைப் பாருங்க சார்."